தர்மாஸ்பத்திரியிலயுமா அறுக்காங்க?

சாத்தூரில் என் தங்கச்சிக்குத் தலைப்பிரசவம், அரசு ஆஸ்பத்திரியில், சிசேரியன். தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. பார்க்க வந்த பக்கத்து வீட்டு மதினி தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்க. அவங்க கேட்டது: "தனியார்லதான் காசுக்கு அறுப்பாக. தர்மாஸ்பத்திரியிலயுமா அறுக்காங்க?"

பதில் தேடி தேசிய குடும்ப நல ஆய்வின் எண்களை எடுத்துப் பார்த்தேன். இந்தியாவில் 2005-06இல் 100 பிரசவத்துக்கு 8.5 சிசேரியன். 2015-16இல் 17.2. 2019-21இல் 21.5. தமிழ்நாட்டில் மட்டும் பார்த்தால், 2015-16இல் 34.1 ஆக இருந்தது, 2019-21இல் 44.9 ஆயிடுச்சு. அதிலும் தனியாரில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36.0.

பெரும்பாலும் எல்லாரும் 63.8ஐப் பார்த்துட்டு "அதான் சொன்னேன்ல" என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 67 அரசிடம், 33 தனியாரிடம். 67இல் 36 சதவீதம் என்றால் 24. 33இல் 63.8 சதவீதம் என்றால் 21. கூட்டினால் 45. ஆக, ஆபரேஷன்களில் பாதிக்கு மேல் நடப்பது அரசு ஆஸ்பத்திரியில்தான். அங்கே அறுப்பதற்கென்று குடும்பத்திடம் பில் போடுவதில்லை. மதினி சொன்ன காரணம் தனியாருக்குப் பொருந்தலாம், இந்த 24க்குப் பொருந்தாது.

இந்த 36ம் ஒரு சராசரிதான். ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடக்கும் சுகப்பிரசவங்களும் இதில் சேர்ந்திருக்கு. கொஞ்சம் சிக்கல் என்றாலும் அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் தியேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிகளில் விகிதம் இன்னும் கூடவே இருக்கணும்.

இன்னொரு காரணம், முதல் பிரசவம் சிசேரியன் ஆனால் அடுத்ததும் பெரும்பாலும் அதுவே. தழும்பு உள்ள கர்ப்பப்பையோடு பலருக்கும் சுகப்பிரசவம் சாத்தியம்தான். ஆனால் கூடவே இருந்து கவனிக்க ஆள் வேணும், உடனே ஆபரேஷன் செய்ய வசதி வேணும். கூட்டம் நிறைந்த வார்டில் மறுபடி அறுப்பதுதான் பாதுகாப்பு என்று முடிவாகிறது. இன்று ஏறும் எண்ணிக்கை அடுத்த சில வருஷங்களின் எண்ணிக்கையையும் ஏற்றிவிடும்.

அப்போ 44.9 முழுக்கத் தப்பா? அப்படியும் சொல்ல முடியாது. பீகாரில் 2019-21இல் 9.7தான். அதைப் பெருமை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆபரேஷன் தேவைப்பட்டும் கிடைக்காத பெண்கள் அந்தக் கணக்கில் தெரிய மாட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் 1985இல் 10-15 சதவீதம் போதும் என்றது. 2015இல், ஒரு நாட்டின் விகிதம் 10ஐத் தாண்டிய பிறகு அதனால் தாய்-சேய் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்றது. கூடவே, குறிப்பிட்ட எண்ணைத் துரத்தாமல் தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் கிடைக்கச் செய்வதே முக்கியம் என்றும் சொன்னது.

தேவை எது, தேவையில்லாதது எது என்று பிரிக்க ராப்சன் வகைப்பாடு என்று ஒன்று இருக்கு. தலைப்பிரசவமா, ஏற்கனவே சிசேரியனா, குழந்தை தலை கீழாக இருக்கா, வலி தானாக வந்ததா என்று பார்த்துப் பெண்களைப் பத்துப் பிரிவாக்குவார்கள். தலைப்பிரசவம், மாதம் நிறைந்தது, ஒரே குழந்தை, தலை கீழே, வலி தானாக வந்தது: இது முதல் பிரிவு. இந்தப் பிரிவில் சிசேரியன் அதிகம் என்றால்தான் அந்த ஆஸ்பத்திரியைக் கேள்வி கேட்கணும். மொத்த சதவீதத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது.

தங்கச்சியின் டிஸ்சார்ஜ் சீட்டில் காரணம் ஒரு வரியில் இருக்கு: குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்தது. "இதை எதுக்குண்ணே பத்திரமா வைக்கச் சொல்ற?" என்றாள். அடுத்த பிரசவத்தில் டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்த வரியைத்தான். இப்போ ரேஷன் கார்டோட அதுவும் பீரோவில் இருக்கு. உங்க வீட்டிலும் இருந்தா எடுத்து வைங்க.