திறன்பேசியைக் கீழே வைக்க இயலாதது ஏன்?

ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று திறன்பேசியைக் கையில் எடுத்து, ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே நிமிர்ந்து பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். இதனை மனவுறுதிக் குறைவு என்று கருதி, உங்களையோ உங்கள் பிள்ளையையோ நொந்துகொள்ள வேண்டியதில்லை. இதன் பின்னணியில் உள்ள உளவியல் காரணங்களை அறிந்தால், மாற்றத்தை எங்கிருந்து தொடங்குவது என்பது தெளிவாகும்.

எப்போது இது பிரச்சினையாகிறது?

பயன்படுத்தும் நேரம் மட்டுமே அளவுகோல் அன்று. உறக்கம், படிப்பு, பணி, உறவுகள் ஆகியவை பாதிக்கப்படுவதும், அதை உணர்ந்த பின்னரும் நிறுத்த இயலாமல் போவதும் முக்கிய அறிகுறிகளாகும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் (2022 முதல் நடைமுறையில் உள்ளது) மின்னணு விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. திறன்பேசிப் பயன்பாடு அதில் தனி நோயாகச் சேர்க்கப்படவில்லை. எனினும் அதனால் வரும் துன்பம் உண்மையானது. உதவி பெறத் தக்கது.

மனத்தில் என்ன நிகழ்கிறது?

எதிர்பாராத வெகுமதி: அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தம் விலங்குச் சோதனைகளில் ஓர் உண்மையைக் கண்டார். எப்போது கிடைக்கும் என்று கணிக்க முடியாதபடி உணவு வழங்கப்பட்டபோது, உணவு நின்ற பின்னரும் விலங்குகள் நெடுநேரம் முயன்றுகொண்டே இருந்தன. திறன்பேசியிலும் ஒருமுறை நல்ல செய்தி வருகிறது. பலமுறை ஒன்றும் வருவதில்லை. அந்த எதிர்பார்ப்பே மீண்டும் மீண்டும் திரையைப் பார்க்கத் தூண்டுகிறது. மூளையில் சுரக்கும் டோபமைன் என்னும் வேதிப்பொருளுக்கு இந்த நாட்டத்தில் முக்கியப் பங்கு உண்டு.

முடிவற்ற ஓட்டம்: நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சமூக ஊடகங்களில் காணொளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருப்பதால், நிறுத்த வேண்டிய இடத்தை மனம் உணர்வதில்லை.

தற்காலிக நிவாரணம்: இதுவே மிக முக்கியமானது. தனிமை, சலிப்பு, தேர்வு பயம், குடும்பச் சச்சரவு போன்றவை மனத்தை வருத்தும்போது, திரை சற்று நேரம் அவற்றை மறக்கச் செய்கிறது. வருத்தம் எழும்போதெல்லாம் திறன்பேசியை நாட மூளை பழகிவிடுகிறது. வருத்தத்தின் காரணமோ அப்படியே இருக்கிறது. சிலரிடம் இப்பழக்கத்தின் அடியில் மனச்சோர்வோ மனப்பதற்றமோ மறைந்திருக்கலாம்.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

திறன்பேசியைத் திடீரெனப் பறித்தால் நிவாரணம் மட்டுமே பறிபோகிறது. வருத்தம் எஞ்சி நிற்கிறது. கோபமும் பொய்யும் எழ இதுவும் ஒரு காரணம். "எவ்வளவு நேரம் பார்த்தாய்?" என்பதைவிட, "பார்ப்பதற்கு முன் மனம் எப்படி இருந்தது?" என்று கனிவுடன் கேளுங்கள். வளரிளம் பருவத்தினருக்குத் தன்னடக்கத்திற்குரிய மூளைப் பகுதி இன்னும் முழு வளர்ச்சி பெறவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

• ஒரு வாரம், திறன்பேசியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அப்போதைய மனநிலையை ஒரு சொல்லில் குறித்து வையுங்கள்.
• அடிக்கடி வரும் உணர்வுக்கு மாற்று வழியைத் தேர்ந்தெடுங்கள்: தனிமை எனில் நண்பருடன் உரையாடல், பதற்றம் எனில் சிறு நடை.
• தேவையற்ற அறிவிப்பு ஒலிகளை நிறுத்துங்கள்.
• இரவில் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றம் செய்யுங்கள்.
• உணவு வேளையில் திறன்பேசி இல்லை என்னும் விதியைப் பெற்றோரும் பின்பற்றுங்கள்.

எப்போது உதவி நாட வேண்டும்?

உறக்கமின்மை, பள்ளி அல்லது பணிக்குச் செல்ல மறுத்தல், தொடர்ந்த சோகம், கட்டுக்கடங்காத கோபம் ஆகியவை காணப்பட்டால் மனநல மருத்துவரை அணுகுங்கள். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை பெறலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவும் உள்ளது. தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் அவரைத் தனியே விடாமல் உடனடியாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.