குளிர் இல்லாத ஊரில் குளிர்கால மலிவு விற்பனை

சிங்கப்பூர் பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர். ஆண்டு முழுவதும் வெயில், இடையிடையே மழை, அவ்வளவுதான் பருவம். ஆனாலும் ஜனவரி பிறந்துவிட்டால் ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளில் கம்பளிச் சட்டைக்கும் குளிர்க் கோட்டுக்கும் பாதி விலை அட்டை தொங்கும். இங்கே யாருக்கு முடிந்தது குளிர்காலம்?

முடிந்தது லண்டனுக்கும் தோக்கியோவுக்கும்தான். அனைத்துலக ஆடை நிறுவனங்கள் வட நாடுகளின் பருவத்தைக் கணக்கில் வைத்துத் துணி தைக்கின்றன. அதே சரக்கு சிங்கப்பூர்க் கடைக்கும் வருகிறது, அதே மாதங்களில் கழித்துக் கட்டப்படுகிறது. குளிர்காலச் சரக்கு ஜனவரி, பிப்ரவரியில் மலிவாகும். கோடைச் சரக்கு ஜூன், ஜூலையில். 1994இல் தொடங்கிய ‘மாபெரும் சிங்கப்பூர் விற்பனை’ பல ஆண்டுகள் ஆண்டின் இந்த நடுப்பகுதியை ஒட்டியே நடந்தது.

இதில் நமக்கு ஒரு நல்ல லாபம் இருக்கிறது. ஜூலைக் கடைசியில் லினன் சட்டை வாங்கும் லண்டன்காரர் அதைச் சில வாரங்கள் போட்டுவிட்டு மடித்து வைக்க வேண்டியதுதான். சிங்கப்பூரின் கிராஞ்சியில் குடியிருப்பவர் மறுநாளே போடலாம், டிசம்பரிலும் போடலாம். கடைக்காரருக்குப் பருவம் தவறிய பருத்தியும் லினனும் நமக்குப் பன்னிரண்டு மாதமும் உதவும் துணி. ஆகவே அன்றாடச் சட்டை, காற்சட்டைக்கு ஜூன், ஜூலை. ஊட்டிக்கோ ஐரோப்பாவுக்கோ போகிறவர்களின் கம்பளிக்கு ஜனவரி, பிப்ரவரி. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

விலை எப்படி இறங்குகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கடை தன் சரக்கை விற்பனைக்குப் பல மாதம் முன்பே சொல்லி வைக்கிறது. எது ஓடும், எது தேங்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. தேங்கியது கம்பியில் தொங்கும் வரை புதுச் சரக்குக்கு இடமில்லை. அந்த இடத்துக்கும் வாடகை ஓடுகிறது. அதனால் விலையைப் படிப்படியாக இறக்குகிறார்கள். முதலில் 20, 30 விழுக்காடு, பிறகு 50, கடைசியில் 70 என்பது பெரும்பாலும் காணும் வரிசை. முதல் படியில் எல்லா அளவும் இருக்கும். கடைசிப் படியில் நடுத்தர அளவுகள் தீர்ந்து, மிகச் சிறியதும் மிகப் பெரியதுமே மிஞ்சும். எல்லாரும் போடும் அளவுதான் உங்களுக்கும் என்றால் முதல் இரண்டு படிகளிலேயே வாங்கிவிடுவது நல்லது. காத்திருப்பது மற்றவர்களுக்கு லாபம்.

நம் ஆடித் தள்ளுபடியின் கதையும் இதுதான். ஆடியில் கல்யாணம் இல்லை, கடையில் கூட்டம் இல்லை. தீபாவளிச் சரக்கு வருமுன் விலையை இறக்கிப் பழையதைக் கழித்தாக வேண்டும். சென்னை தியாகராய நகர் ரங்கநாதன் தெரு அந்த மாதத்தில் நிரம்பி வழிவது அதனால்தான். சிங்கப்பூரின் தேக்காவில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. தீபாவளிக்கு முந்திய இரவு, கேம்பல் லேன் சந்தைக் கூடாரங்களில் நேரம் ஆக ஆக விலை இறங்கும். விடிந்தால் சந்தை இல்லை. மிஞ்சியதைக் கட்டித் தூக்கிக்கொண்டு போவதைவிட விற்றுத் தீர்ப்பது மேல் என்று வியாபாரிக்குத் தெரியும்.

இனி விலை அட்டை. ‘70% வரை’ என்ற பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது எண். விஷயம் இருப்பதோ ‘வரை’யில். ஒரே ஒரு கம்பியில் தொங்கும் துணிக்கு 70 விழுக்காடு கழித்தாலும் அந்தப் பலகை பொய்யாகாது. ‘50% கழிவு, அதற்கு மேல் 20%’ என்றால் மொத்தம் 70 அல்ல. 80 வெள்ளிச் சட்டை முதலில் 40 ஆகும்; அந்த 40இல் 20 விழுக்காடு போனால் 32. ஆக மொத்தக் கழிவு 60 விழுக்காடுதான். அடித்துக் காட்டிய பழைய விலைக்கும் ஒரு வேலை உண்டு. முதலில் கண்ணில் படும் எண் நம் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுக்கும் என்பதை உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974இல் எழுதிக் காட்டினார்கள். 120ஐ அடித்து 48 என்று போட்டால் 48 மலிவாகத் தெரிகிறது. பழைய விலையை விரலால் மறைத்துக்கொண்டு, இந்தத் துணிக்கு 48 வெள்ளி கொடுப்பேனா என்று கேட்டுப் பாருங்கள்.

பிறகு துணியைக் கையில் எடுங்கள். உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலை இரு கையாலும் மெல்ல இழுத்தால் நூல் பிரிந்து வெளிச்சம் தெரிகிறதா? கோடும் கட்டமும் போட்ட சட்டையில் பைக்கும் உடலுக்கும் கோடு சேர்கிறதா? ஒரு அங்குலத்தில் தையல் எத்தனை என்று எண்ணுங்கள். சட்டைக்குப் 12க்கு மேல் என்றால் திருப்தி, 7, 8 என்றால் அவசரத் தையல். அளவு பெரிதாக இருந்தால் முதலில் தோளைப் பாருங்கள். இடுப்பையும் நீளத்தையும் தேக்கா நிலையத்தின் மாடியில் இருக்கும் தையற்காரர்கள் குறைத்துத் தந்துவிடுவார்கள். தோளைக் குறைப்பது பெரிய வேலை; கூலி கழிவைத் தின்றுவிடும்.

சிங்கப்பூரில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று: செயற்கைத் தோல். செயற்கைத் தோல் மேலங்கிகள் பலவற்றிலும் பல காலணி அடிகளிலும் இருப்பது பாலியூரிதேன். அதில் ஒரு வகையை ஈரக்காற்று மெல்லப் பிளக்கிறது. நீராவி அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கிறது. பயன்படுத்தாமல் பெட்டியில் கிடந்தாலும் இது நடக்கும். எனவே இரண்டு, மூன்று ஆண்டு கிடங்கில் இருந்த காலணியைப் புதிது என்று நம்பி வாங்கினால், சில நடையிலேயே அடி பொடியாக உதிரக்கூடும். மடிப்பை வளைத்துப் பாருங்கள். மெல்லிய வெடிப்போ, விரலில் ஒட்டும் பிசுக்கோ இருந்தால் எந்தக் கழிவுக்கும் வாங்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இல்லாத விலைச் சலுகையை இருப்பதாகக் காட்டுவது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிகம்) சட்டப்படி முறையற்ற செயல். 2020 நவம்பர் 1 முதல் விலை வெளிப்படைத்தன்மைக்கான வழிகாட்டிகளும் நடப்பில் உள்ளன. ‘மலிவு விற்பனைப் பொருளுக்கு மாற்றமில்லை’ என்று எழுதி வைத்தாலும், குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த விதிகளின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கடைக்காரர் வேறுவிதமாக நிரூபிக்காத வரை, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். முன்பே காட்டிச் சொன்ன குறைக்கும், வெறும் மனமாற்றத்துக்கும் இது பொருந்தாது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தகராறு என்றால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது.

கிராஞ்சிவாசிகளுக்கு இன்னொரு ஆசை, பாலம் தாண்டிய ஜோகூர். கிராஞ்சி ரயில் நிலையத்து வாசலிலேயே பேருந்து. ஏறினால் ஜோகூர் பாரு. ஆனால் திரும்பும்போது வரி உண்டு. 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவருக்கு 100 வெள்ளி வரைதான் விலக்கு. அதற்கு மேல் தங்கியவருக்கு 500. மிஞ்சிய மதிப்புக்கு 9 விழுக்காடு பொருள், சேவை வரி. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு அந்த விலக்கே கிடையாது. தங்கும் விடுதிகளில் இருக்கும் நம் தம்பிமார் இதை மறந்துவிட வேண்டாம். உள்ளூர்க் கடையில் இந்தத் தொல்லை இல்லை. அட்டையில் போட்ட விலையிலேயே வரி அடங்கியிருக்க வேண்டும். அந்த ரயில் நிலையத்திலிருந்து சிவப்புப் பாதையில் ஜூரோங் ஈஸ்ட் போனால், முந்தைய பருவச் சரக்கை விற்கும் ஐஎம்எம் கடைத்தொகுதியும் பக்கம்தான்.

கடைக்குள் நுழையுமுன் வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள். பட்டியலில் இல்லாத சட்டைக்கு 70 விழுக்காடு கழித்துக் கொடுத்தாலும், மீதி 30 விழுக்காடு உங்கள் கையிலிருந்து போகும் வீண் செலவுதான்.