பல்கலைக்கழகங்களும் பேரிடர் ஆயத்தமும்

இயற்கையின் சீற்றத்திற்கு அடிக்கடி உள்ளாகும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 1999 அக்டோபரில் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் மாண்டனர். அதே மாநிலத்தை 2019 மே 3ஆம் நாள் ஃபானி புயல் தாக்கியபோது, பன்னிரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். உயிரிழந்தோர் தொகை நூறை எட்டவில்லை. இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றம் பெருமைக்குரியது. முன்னெச்சரிக்கை, தங்குமிடம், ஒத்திகை ஆகியவற்றில் நாடு முழுவதும் முன்னேற்றம் காணப்படுகிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மத்திய அரசு முதல் மாவட்ட ஆட்சித் தலைவர் வரை பொறுப்புகளை வகுத்துள்ளது.

எனினும் உயிரைக் காப்பது ஒரு பணி. நின்றுபோன வேலையை மீண்டும் தொடங்குவது வேறொரு பணி. ஃபானி புயல் கரையைக் கடந்த இரண்டாம் நாள், மே 5 அன்று, மருத்துவப் படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வு நடைபெறவிருந்தது. ஒடிசாவில் மட்டும் அது மே 20ஆம் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பது தெளிவாக இருந்தமையால் அது இயன்றது. ஒரு பல்கலைக்கழகத்தில் இத்தகைய நெருக்கடி நேருமாயின் அவ்வாறு உடனே முடிவு செய்ய இயலுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி நம் நாட்டில் 1,168 பல்கலைக்கழகங்கள் உள்ளன. உயர்கல்வி பயில்வோர் 4.33 கோடி. விடுதிகள், சமையற்கூடங்கள், ஆய்வுக்கூடங்கள், நூலகம், மருந்தகம் எனப் பல்கலைக்கழக வளாகம் ஒரு சிற்றூரை ஒத்தது. ஆனால் சிற்றூரில் இல்லாத ஒரு சுமை அதற்கு உண்டு. பல்லாயிரம் இளைஞர்களின் மதிப்பெண்களும் பட்டங்களும் அதன் அலுவலக அலமாரிகளில் உள்ளன. இடிந்த கட்டடத்தை மீண்டும் எழுப்பலாம். நனைந்து கரைந்த விடைத்தாளை மீண்டும் திருத்த இயலாது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவர் ஒருவர் ஓராண்டை இழந்தால், பல வேளைகளில் அவர் திரும்பி வருவதே இல்லை.

என்ன இருக்கிறது என்று தெரியாத நிலை

எந்த ஆயத்தத்திற்கும் முதற்படி, நம்மிடம் உள்ளவை எவை, அவை எங்கே உள்ளன என்று அறிந்திருத்தல். எளிய செயலாகத் தோன்றும் இது எவ்வளவு அரிது என்பதற்கு மாயாபுரி நிகழ்ச்சி சான்று. தில்லிப் பல்கலைக்கழகம் 1968இல் கனடாவிலிருந்து காமாக் கதிர் கருவி ஒன்றை வாங்கியது. 1985க்குப் பின்னர் அக்கருவி பயன்படுத்தப்படவில்லை. கால் நூற்றாண்டு ஓர் அறையில் கிடந்தது. 2010 பிப்ரவரியில் பழைய பொருள்களோடு அதுவும் ஏலத்தில் விற்கப்பட்டு, மேற்கு தில்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையைச் சென்றடைந்தது. அங்கே அது உடைக்கப்பட்டபோது உள்ளிருந்த கோபால்ட்-60 வெளிப்பட்டது. எழுவர் கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார்.

இங்கே புயலும் இல்லை; நிலநடுக்கமும் இல்லை. அறிந்தவர்கள் ஓய்வு பெற்றபின், அறிவு ஏட்டில் இடம்பெறாமற் போனதே பேரிடராக முடிந்தது. வேதியியல், உயிரியல் துறைகளின் சேமிப்பறைகளைத் திறந்து பார்ப்பவர்களுக்கு, பெயர்த்தாள் உதிர்ந்த புட்டிகள் புதுமையல்ல. தீயணைப்புப் படையினர் ஒரு கட்டடத்திற்குள் நுழையுமுன் கேட்கும் முதல் வினா, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான். அதற்குரிய விடை, துறைத் தலைவரின் நினைவில் மட்டுமன்றி, வாயிற்காவலர் அறையிலும் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

ஏடுகளின் பாதுகாப்பு

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, பெரியாற்றங்கரையில் காலடியிலுள்ள சமஸ்கிருதப் பல்கலைக்கழக வளாகத்தில் நூற்றுக்கணக்கானோர் சிக்கிப் பின்னர் மீட்கப்பட்டனர். வெள்ளம் வடிந்தபின் மற்றொரு துன்பம் தெரிய வந்தது. வீடுகளில் வைத்திருந்த சான்றிதழ்களைப் பலர் இழந்திருந்தனர். மாநில அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி அவற்றை மீண்டும் வழங்க முற்பட்டது. மூலப் பதிவு எங்கேனும் ஓரிடத்தில் அழியாமல் இருந்தால்தான் இத்தகைய உதவி இயலும். 2017இல் தொடங்கப்பட்ட தேசியக் கல்விசார் ஆவணக் களஞ்சியம் இவ்வகையில் பெருந்துணை. ஆனால் பழைய பட்டதாரிகளின் பதிவுகள் தடித்த பேரேடுகளில் உள்ளன. அவை பெரும்பாலும் தரைத்தளத்தில், தேர்வுப் பிரிவுக்குப் பின்புறமுள்ள அறைகளில் அடுக்கப்பட்டுள்ளன. பேரேட்டைப் படியெடுத்த பின்னரும் அப்படியை அதே கட்டடத்தின் அடுத்த அறையில் வைப்பவர்கள் உண்டு! அதனாற் பயன் யாது? படி வேறு ஊரில், இயன்றால் வேறு ஆற்றுப்படுகையில், இருக்க வேண்டும்.

கணினியை மட்டும் நம்புவதும் போதாது. 2022 நவம்பரில் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணினி அமைப்பு இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, ஏறத்தாழ இரு வாரங்கள் பணிகள் கையெழுத்து முறையில் நடைபெற்றன. காகிதப் படிவங்களைக் கையாளத் தெரிந்த ஊழியர்கள் இருந்தமையால் நோயாளிகளைக் கவனிக்க முடிந்தது.

ஒருவர் இல்லாதபோது

மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம், 2009, உடனடி நடவடிக்கை தேவைப்படும்போது எந்த அமைப்பின் அதிகாரத்தையும் துணைவேந்தர் செலுத்தலாம் என்றும், பின்னர் அதனை அவ்வமைப்பின் அடுத்த கூட்டத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. துணைவேந்தர் பதவி காலியாகும்போது பொறுப்பேற்கவும் வழி வகுத்துள்ளது. மேல்நிலையில் குறை காண்பதற்கில்லை. இடர்ப்பாடு கீழே உள்ளது. வினாத்தாள் அறையின் சாவி ஒருவரிடம்; ஊதியப் பட்டியலை வங்கிக்கு அனுப்பும் மறைசொல் வேறொருவரிடம். அவர்களுடைய வீடுகளும் அதே வெள்ளத்தில் மூழ்கக் கூடும். ஒவ்வொரு முக்கியப் பணிக்கும் முதல்வர், அவருக்கு அடுத்தவர், அவருக்கும் அடுத்தவர் என மூவரைப் பெயர் குறித்து நியமித்தல் செலவற்ற செயல். ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகை ஒரு மாதம் தவறினால் விடுதிக் கட்டணம் தவறும் என்பதை அலுவலகங்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

2020 கற்பித்தது

2020 மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, பல்கலைக்கழகங்கள் அனைத்தும் ஒரே வேளையில் சோதனைக்கு உட்பட்டன. இடைப்பட்ட பருவ மாணவர்க்கு, நிலைமை சீரடையாவிடில், அகமதிப்பீட்டிலிருந்து பாதியும் முந்தைய பருவத்திலிருந்து பாதியும் கொண்டு மதிப்பெண் வழங்கலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு ஏப்ரல் 29 அன்று நெறிமுறை வெளியிட்டது. இம்முறை செயற்பட வேண்டுமானால் அகமதிப்பீடு உரிய காலத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பருவ இறுதியில் ஒரே மூச்சில் மதிப்பெண் நிரப்பும் வழக்கமுள்ள துறைகளுக்கு அது துணைபுரிந்திராது. இறுதியாண்டு மாணவர் நிலை இன்னும் கடினமாயிற்று. செப்டம்பர் இறுதிக்குள் தேர்வு நடத்த வேண்டுமென ஜூலையில் அறிவிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தேர்வைத் தள்ளிவைக்க மாநிலங்கள் கோரலாம், ஆனால் தேர்வின்றித் தேர்ச்சி அளிக்க இயலாது என ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பாயிற்று. ஐந்து மாதங்கள் மாணவர்கள் ஐயத்தில் இருந்தனர்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலுள்ள டுலேன் பல்கலைக்கழகம் 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலால் ஒரு பருவம் முழுவதும் மூடப்பட்டது. அதன் மாணவரைப் பிற கல்லூரிகள் ஏற்றுக்கொண்டு பாடம் நடத்தின. 2006 ஜனவரியில் பல்கலைக்கழகம் மீண்டும் திறக்கப்பட்டது. நம் நாட்டில் 2021இல் ஏற்படுத்தப்பட்ட கல்வித் தகுதிப் புள்ளி வங்கி வேறு நோக்கத்துடன் தோன்றியதாயினும், இத்தகைய இடமாற்றத்திற்கும் பயன்படக் கூடியது. அதற்குரிய ஒப்பந்தங்களை அண்டைப் பல்கலைக்கழகங்கள் அமைதிக் காலத்திலேயே செய்துகொள்ள வேண்டும்.

கிழக்குக் கடற்கரைப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு குறிப்பு. வங்கக் கடலில் புயல்கள் மிகுதியாக உருவாகும் காலங்கள் இரண்டு: ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பருவத் தேர்வுகள் பெரும்பாலும் நடைபெறுவதும் இவ்விரு காலங்களில்தான். நாட்காட்டியை மாற்றுதல் எளிதன்று. ஆயினும் தேர்வு அட்டவணையில் ஒவ்வொரு வாரத்திற்கும் ஒரு நாளை ஒதுக்கி வைக்கலாம். மாற்று வினாத்தாள் தொகுதியை மேல்தளத்தில் காக்கலாம். மின்னாக்கியை நிலவறையிலிருந்து உயரமான மேடைக்கு மாற்றலாம். ஆண்டுதோறும் செப்டம்பரில், தேர்வுப் பிரிவில் ஒரு நாள் மின்சாரத்தையும் கணினியையும் நிறுத்தி வைத்து, ஒரு மாணவருக்கு மதிப்பெண் சான்று வழங்க எத்தனை மணி நேரம் ஆகிறதென்று கணக்கிட்டுப் பார்க்கலாம்.