டேபிள் ஃபேன் ஏன் திரும்பி வருகிறது?

இது ஒரு டீயில் முடிகிற விஷயம் இல்லை. இன்னொன்றுக்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். அது வருவதற்குள் மூலையில் தலையாட்டிக்கொண்டிருக்கும் டேபிள் ஃபேனைக் கொஞ்சம் பாருங்கள். இடப்பக்கம் போகிறது, நிற்கிறது, வலப்பக்கம் திரும்பி வருகிறது. ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருந்தால் அறை முழுக்கக் காற்று வருமே என்று சின்ன வயதில் கேட்டிருப்போம். அப்படிச் சுற்றினால் தலைக்குப் போகும் ஒயர் கழுத்தில் முறுக்கிக்கொண்டு, சீக்கிரமே அறுந்துபோகும். சீலிங் ஃபேனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதில் மின்சாரம் பாயும் காயில் நடுவில் அசையாமல் நிற்கிறது. வெளிக்கூடும் இறக்கையும்தான் சுற்றுகின்றன. சுற்றும் பக்கத்துக்கு ஒயரே போவதில்லை.

மாணவர்கள் போட்டிக்குக் கட்டும் ரோபோவின் தலையில் உட்காரும் டரெட், டேபிள் ஃபேன் ஜாதி. டரெட் என்றால் ராணுவ டாங்கியின் மேல்பகுதி நினைவுக்கு வரும்: வண்டி ஒரு பக்கம் ஓடும், பீரங்கி வேறு பக்கம் பார்க்கும். ரோபோவில் பீரங்கிக்குப் பதில் பந்து எறியும் சக்கரங்கள்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ரோபோ போட்டி நடத்துகிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் புது ஆட்டம் அறிவிப்பார்கள். சில வாரங்களில் ரோபோ தயாராக வேண்டும். 2022ஆம் ஆண்டு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். மைதானத்தின் நடுவே ஒரு கூடை, அதன் மேல்வாய் தரையிலிருந்து 2.64 மீட்டர் உயரத்தில், 1.22 மீட்டர் அகலம். பந்து 24 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ராட்சத டென்னிஸ் பந்து. பக்கத்துக்கு மூன்று ரோபோ, இரண்டரை நிமிட ஆட்டம். கூடை நடுவில் இருப்பதால் எந்த மூலையிலிருந்தும் எறியலாம். ஆனால் பந்து பொறுக்கும் வாய் பந்தை நோக்கியும், எறியும் வாய் கூடையை நோக்கியும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் அமைவது அபூர்வம். ஒவ்வொரு முறையும் வண்டியைத் திருப்பி, நிறுத்தி, குறிபார்ப்பதற்குப் பதில், தலை மட்டும் திரும்பட்டுமே என்று தோன்றுவது இயல்புதான்.

தோன்றியவுடன் பெரும்பாலானோர் மோட்டாரைத் தேடுகிறார்கள். நான் முதலில் ஓட்டையைத் தேடச் சொல்வேன்.

பந்து கீழே வண்டியில் இருக்கிறது, எறிய வேண்டிய இடம் மேலே சுற்றுகிறது. பக்கவாட்டிலிருந்து பந்தை ஊட்டினால், தலை நேராக இருக்கும்போது பந்து உள்ளே போகும். கால் வட்டம் திரும்பியதும் வாசல் இருந்த இடத்தில் சுவர் வந்துவிடும். வாசல் இடம் மாறாத ஒரே இடம் சுற்றின் நட்டநடு. அச்சு வழியாகவே பந்து மேலேற வேண்டும். அப்படியானால் நடுவில் அச்சுத் தண்டு வைக்க முடியாது. பந்து தாராளமாக நுழையும் அளவுக்கு, ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் ஓட்டையுள்ள வளையம்தான் பேரிங். வண்டியின் அகலத்தில் கணிசமான பகுதியை இந்த ஒரு முடிவே விழுங்கிவிடும். மற்ற எல்லாவற்றையும் இதற்குப் பின்னால்தான் வரைய வேண்டும்.

சீன ஓட்டல்களில் மேசை நடுவே சுற்றும் தட்டு இருக்குமே, அதன் அடியில் இருக்கும் தகட்டுப் பேரிங் மலிவாகக் கிடைக்கும். சாம்பார் வாளியை அது தாங்கும், ஏனென்றால் வாளி கீழ்நோக்கி மட்டுமே அழுத்துகிறது. ரோபோ பாய்ந்து ஓடி, எதிரணி ரோபோவின் மேல் மோதி நிற்கும்போது தலை முன்னால் கவிழப் பார்க்கும். ஒரு ஓரம் அமுங்க, எதிர் ஓரம் மேலே தூக்கும். அந்தத் தூக்கலையும் பிடித்துவைக்கும் பேரிங் வேண்டும். குண்டுகள் வளையத்தை நாலு இடத்தில் தொடுகிற மெல்லிய பேரிங் இதற்கென்றே இருக்கிறது, விலைதான் கடிக்கும். கை சுருக்கமான அணிகள் வட்டத் தகட்டின் விளிம்பை, பள்ளம் வெட்டிய சின்ன உருளைகளால் சுற்றிலும் கவ்விப் பிடிக்கின்றன. நன்றாகச் செய்தால் இதில் ஒரு குறையும் இல்லை.

இப்போது மோட்டாருக்கு வரலாம். இந்தப் போட்டியில் பரவலாகப் புழங்கும் நியோ மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 5676 சுற்று சுற்றும். 50 சுற்றுக்கு ஒன்று என்று குறைத்தால் தலை நொடிக்கு ஏறக்குறைய 1.9 சுற்று. சுமையும் வேகமெடுக்கும் நேரமும் போக, அரை வட்டம் அரை நொடியில் திரும்பும், அது போதும். இந்த ஐம்பதை எங்கே குறைப்பது என்பதில்தான் சூட்சுமம். எந்தப் பற்சக்கர ஜோடியிலும் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் இருக்கும். கடைசி ஜோடி, அதாவது சின்னச் சக்கரமும் தலையின் பெரிய வளையமும், பத்துக்கு ஒன்று என்று இருந்தால், அதற்கு முன்னால் உள்ள கியர்பாக்ஸில் 2 டிகிரி ஆட்டம் இருந்தாலும் தலைக்கு வரும்போது 0.2 டிகிரிதான். கடைசி ஜோடியின் ஆட்டம் மட்டும் குறையாமல் அப்படியே வந்து சேரும். ஆகவே சாணை பிடிக்கிற கவனத்தை அங்கே செலவிட வேண்டும், உள்ளே அல்ல.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று கேட்காமல் துல்லியத்துக்கு அலைபவர்களும் உண்டு. 5 மீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி பிசகினால் பந்து 8.7 சென்டிமீட்டர் விலகும். 2022 கூடையில் பந்தின் இரு பக்கமும் 49 சென்டிமீட்டர் இடம் இருந்தது. ஐந்து டிகிரிக்கு மேல் பிசகலாம். 2020ஆம் ஆண்டு ஆட்டத்தில் மூன்று புள்ளி தரும் உள்வாய் 33 சென்டிமீட்டர், பந்து 17.8. பக்கத்துக்கு 7.6 சென்டிமீட்டர்தான், அதாவது ஒரு டிகிரிகூட இல்லை. 2020க்குப் போதாத இயந்திரம் 2022க்கு ஏராளம்.

சரி, டேபிள் ஃபேன். தலையில் எறியும் மோட்டார்கள், கேமரா எல்லாம் இருக்கின்றன. ஒயர் மேலே போயே ஆக வேண்டும். ஸ்லிப் ரிங் போடலாமே என்று யாராவது கேட்பார்கள். சுற்றும் வளையத்தைத் தொட்டுக்கொண்டே மின்சாரம் கடத்தும் பொருள் அது. ஆனால் அது உட்கார விரும்பும் நட்டநடு இடத்தைப் பந்து ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. அதனால் கணுக்கணுவாக மடங்கும் கேபிள் செயினில் ஒயரைப் போட்டு வளையத்தைச் சுற்றிப் படுக்க வைப்பார்கள். செயின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் சுற்ற முடியும்.

பக்கத்துக்கு 180 டிகிரி என்று வைத்தால் முழு வட்டமும் கிடைத்துவிடும்தானே? தாளில் கிடைக்கும். கூடை சரியாக வண்டியின் பின்பக்கம் இருக்கும்போது பாருங்கள்: வண்டி ஒரு டிகிரி அசைந்தால் தலை எல்லையைத் தொட்டு, மறுபக்க எல்லைக்கு 359 டிகிரி ஓடும். இன்னொரு டிகிரி அசைந்தால் திரும்ப ஓடி வரும். அதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். பக்கத்துக்கு 200 டிகிரி விட்டால் பின்பக்கத்தில் இரு எல்லைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடக்கும், தலை தேவையில்லாமல் ஓடாது. எல்லையை மென்பொருளில் வைப்பதோடு, உலோகத்தில் ஒரு முட்டுக்கட்டையும் வேண்டும். மென்பொருள் தவறிய நாளில் அறுவது ஒயராக இருக்கக் கூடாது.

200 டிகிரியும் மைனஸ் 160 டிகிரியும் ஒரே பக்கம் பார்க்கும் நிலைகள்; ஒயர் கணக்கில் மட்டும் ஒரு முழுச் சுற்று வேறு. ரோபோவை அணைத்துப் போட்ட பிறகு யாரோ கையால் தலையைத் திருப்பிவிட்டால், திரும்ப உயிர் வரும்போது தான் எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெரிய வளையத்துக்கு 200 பல் என்று வைத்துக்கொள்வோம். அதோடு 19 பல் சக்கரம் ஒன்றும் 21 பல் சக்கரம் ஒன்றும் கோத்து, இரண்டிலும் கோணம் காட்டும் என்கோடரை மாட்டுகிறார்கள். வளையம் 5 பல் நகர்ந்தால் இரண்டும் 5 காட்டும். 100 பல் நகர்ந்தால் முதலாவது ஐந்து முழுச் சுற்று முடித்து மறுபடி 5இல் நிற்கும், இரண்டாவதோ 16 காட்டும். 19ஐயும் 21ஐயும் பெருக்கினால் 399. அத்தனை பல் நகரும் வரை ஒரே ஜோடி எண்கள் இரண்டு முறை வராது. ஏறக்குறைய இரண்டு முழுச் சுற்று, நமக்கு வேண்டிய 400 டிகிரிக்குத் தாராளம். மீதிகளை வைத்து மூல எண்ணைப் பிடிக்கும் இந்தக் கணக்கை ஆரியபட்டர் 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தீர்த்திருக்கிறார். பின்னால் அதற்குக் குட்டகம், இடித்துத் தூளாக்குதல், என்று பெயர் வந்தது.

கூடையைத் தேடும் கேமராவை மட்டும் நம்பித் தலையை ஓட்டுவதும் ஒரு பொறி. வண்டி நொடிக்கு 200 டிகிரி திரும்பும்போது படம் வந்து சேர 30 மில்லிநொடி தாமதமானால், தலை 6 டிகிரி பின்தங்கியிருக்கும். நாம் அனுமதித்த பிசகு அதிலேயே தீர்ந்துவிட்டது. வண்டி திரும்பும் வேகத்தைக் கைரோ என்ற உணரி உடனுக்குடன் சொல்லும். அதே வேகத்தில் தலையை எதிர்த்திசையில் ஓட்டிவிட்டு, மிச்சமுள்ள சின்னத் திருத்தத்தைக் கேமராவிடம் விட வேண்டும்.

இதெல்லாம் கேட்டபின், டரெட் வேண்டுமா என்றே சந்தேகம் வரலாம்; வரட்டும். நாலு சக்கரமும் தனித்தனியாகத் திரும்பும் ஸ்வெர்வ் வண்டி ஓடிக்கொண்டே முழு உடலையும் திருப்பும். 2024 ஆட்டத்தில் பெரும்பாலான அணிகள் அதை நம்பி டரெட்டை விட்டுவிட்டன. ஆனால் பொறுக்கும் வாயும் எறியும் வாயும் ஒரே நேரத்தில் வேறு வேறு பக்கம் பார்க்க வேண்டிய ஆட்டமானால், உடலைத் திருப்பி அதைச் சாதிக்க முடியாது.

முடிவெடுக்க முதல் நாள் ஒரு அட்டை போதும். வட்டமாக வெட்டி, பந்து அளவுக்கு நடுவில் ஓட்டை போட்டு, ஓரத்தில் ஒயர் தடிமனுக்குக் கயிறு கட்டி, இரு பக்கமும் 200 டிகிரி கையால் திருப்பிப் பாருங்கள். கயிறு எந்த இடத்தில் ஓட்டைக்குக் குறுக்கே வந்து விழுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, அதன் பிறகு கணினியைத் திறக்கலாம்.