டி.என்.ஏ.வைத் தொடாமலே பாதிக்கும் ரசாயனங்கள்... ஸ்டெம் செல்கள் காட்டிக்கொடுப்பது எப்படி?

மாத்திரையோ பூச்சிமருந்தோ, விற்பனைக்கு வரும் முன் டி.என்.ஏ.வைச் சிதைக்குமா என்று சோதிக்கப்படும். 1970களில் வந்த, பாக்டீரியாவை வைத்துச் செய்யும் ஏம்ஸ் டெஸ்ட் அதில் முக்கியமானது. ஆனா, டி.என்.ஏ.வில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் பாதிக்கும் ரசாயனங்கள் இதில் சிக்காது.

அதெப்படி முடியும்?

மூளை செல்லுக்கும் தோல் செல்லுக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான். எந்த ஜீன் ஆன், எந்த ஜீன் ஆஃப் என்பதில்தான் வித்தியாசம். டி.என்.ஏ. மீது ஒட்டும் மெத்தில் குறிகளும், அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களும்தான் இந்த ஸ்விட்சுகள். இதுவே எபிஜெனெடிக்ஸ்.

என்ன ஆபத்து?

வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் நல்ல உதாரணம். கர்ப்பிணிகள் இதை எடுத்தால் குழந்தைக்கு முதுகுத்தண்டு குறைபாடு வரலாம் என்பது 1980களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால், ஹிஸ்டோன் குறிகளை நீக்கும் நொதியை இந்த மருந்து தடுக்கிறது என்பது 2001-ல்தான் தெரிந்தது.

ஸ்டெம் செல் எதற்கு?

ஸ்டெம் செல் நரம்பு செல்லாகவோ இதய செல்லாகவோ மாறும்போது, ஸ்விட்சுகள் வரிசையாக ஆன், ஆஃப் ஆகும். கருவில் நடப்பதும் இதுதான். ரசாயனம் குறுக்கிட்டால் அந்த வரிசை குழம்பும்.

96 அல்லது 384 குழிகள் கொண்ட தட்டில் செல்களை வளர்த்து, குழிக்குக் குழி அளவை மாற்றி ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். பிறகு ரசாயனம் படாத செல்களுடன் ஒப்பிட்டு, மெத்தில் குறிகளும் ஜீன்களும் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

எலி போதாதா?

தாலிடோமைடு மாத்திரை தந்த பாடம் இது. எலிகளிடம் பெரிதாகத் தெரியாத பாதிப்பு, மனிதர்களிடம் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஊனமாக்கியது. 1961-ல் அது திரும்பப் பெறப்பட்டது. மனித செல்லிலேயே சோதிக்க வழி வந்தது பின்னாளில்தான். மனிதத் தோல் செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றலாம் என்று 2007-ல் காட்டிய ஜப்பானின் ஷின்யா யமனாகா, 2012-ல் நோபல் பரிசு பெற்றார்.

இது மட்டும் போதுமா?

போதாது. தட்டில் கல்லீரலும் இல்லை, நஞ்சுக்கொடியும் இல்லை. கல்லீரலில் மாறிய பிறகே நஞ்சாகும் ரசாயனம் இதில் தப்பிவிடலாம். ஸ்விட்ச் மாறினாலே நோய் என்றும் சொல்ல முடியாது. எதை முதலில் ஆழமாகச் சோதிக்க வேண்டும் என்று பிரித்துக்காட்டும் சல்லடைதான் இது.

கவனிக்க: வால்ப்ரோயேட் எடுப்பவர்கள் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு அதிகமாகலாம். கர்ப்பமாகத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள்.