மார்கழி விடியலில் கூவம்

கூவம் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிப்பதற்குச் சென்னை நகரவாசிகள் பழகிப்போய்விட்டார்கள். ஆனால் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து கிழக்கு நோக்கி வருகிற இந்த நதி, நகரத்தின் கழிவுச் சுமை முழுவதையும் ஏற்பதற்கு முன்னால், ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே பருத்திப்பட்டு அணைக்கட்டைக் கடந்து திருவேற்காட்டை நெருங்குகிற வரையில், மழை நன்றாகப் பெய்த ஆண்டின் மார்கழியிலும் தையிலும், இரு கரை நாணலுக்கிடையே நிறைந்த ஜலத்தோடு மிகுந்த சௌந்தரியம் உடையதாக விளங்குகிறது. அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் காமிராவை எடுத்துக்கொண்டு சூரியோதயத்தைத் தேடித் தொலைதூரக் கடற்கரைகளுக்குப் பயணப்படும் இளைஞர்கள், தங்கள் வீட்டுக்கு அருகிலேயே ஓடும் ஆற்றின்மீது அதே சூரியன் எழுவதை ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அதற்குச் சூரியனின் போக்கைச் சிறிது அறிந்துகொள்ளுவது அவசியம். மார்கழியில் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதில்லை. டிசம்பர் 21-ஆம் தேதியை ஒட்டி, கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே தள்ளி எழுகிறது. கூவம் வளைந்து வளைந்து சென்றாலும் பொதுவில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவதால், வடகரையில் நிற்பவருக்கு ஒளி, நீரின் குறுக்கே சாய்வாக வந்து சேரும். ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பரில் வந்தாலும், சென்னையில் சூரியன் மிகத் தாமதமாக எழுவது ஜனவரியின் பிற்பகுதியில்தான். அப்போது மணி 6.35-ஐத் தாண்டிவிடும். நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் வசிப்பதால் இங்கே சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறுகிறது. குளிர்கால லண்டனில் ஏறக்குறைய 40 நிமிஷம் நீடிக்கும் உதயத்துக்கு முந்திய வெளிச்சம், இங்கே 20 முதல் 25 நிமிஷங்களுக்குள் முடிந்துபோகும். அடிவானத்தில் விளிம்பு காட்டிய சூரிய பிம்பம் இரண்டரை நிமிஷங்களுக்குள் முழுமையாக மேலே வந்துவிடும். ஆகையால் ஆறு மணிக்கே ஆற்றங்கரையில் இருப்பவருக்குத்தான் படம் கிட்டும்.

மார்கழிப் பனிமூட்டம் இந்தக் காட்சிக்கு ஒரு தனி விசேஷத்தை அளிக்கிறது. பருவமழையில் ஊறிய மண்ணும் ஏரிகளும் வயல்களும் காற்றில் ஈரத்தை நிரப்பியிருக்க, மேகமும் காற்றும் அடங்கிய இரவுகளில் பூமி தன் வெப்பத்தை ஆகாயத்துக்கு விட்டுக் குளிர்கிறபொழுது, தரையை ஒட்டிய காற்றிலுள்ள ஈரம் நுண்ணிய துளிகளாகத் திரண்டு பனிமூட்டமாகிறது. உதயசூரியனின் கிரணங்களோ, சூரியன் நேர் உச்சியில் நிற்கும்போது கடப்பதைப்போல் சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து நம்மை அடைகின்றன. வழியில் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பும் பொன்னிறமும் எஞ்சுகின்றன. அந்தப் பொன்னொளி பனிக்குள் புகுந்து, அக்கரைப் பனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடர்த்தி குறைத்துக் காட்டும்போதுதான், தட்டையான ஒரு காகிதத்தில் தூரம் என்னும் உணர்ச்சி உண்டாகிறது.

எனினும், கண்ணுக்குத் தெரிகிற இதைப் படத்தில் கொண்டுவருவது எளிதல்ல. ஆகாயம் மிகுந்த பிரகாசமாகவும், கரையும் நீரும் இருளாகவும் இருப்பதால், ஒன்றுக்கு ஏற்ப ஒளியை அளந்தால் மற்றொன்று கெட்டுவிடுகிறது. இந்தச் சிரமம் புகைப்படக் கலையோடு கூடப்பிறந்தது. 1856-ஆம் ஆண்டில் சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக நியமனம் பெற்று, மதுரையையும் தஞ்சையையும் காகித நெகட்டிவ்களில் பதிவு செய்த லின்னேயஸ் டிரைப், வானம் வெறும் வெள்ளையாக நின்றுவிடுவதைக் கண்டு, நெகட்டிவின்மீது தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். அதே காலத்தில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே, வானுக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரண்டு நெகட்டிவ்களை இணைத்துச் சில கடற்காட்சிகளை அச்சிட்டார். இன்று கைபேசி, வெவ்வேறு அளவு ஒளியில் எடுத்த பல படங்களைக் கணத்தில் ஒன்றாக்கித் தருவதும் அந்தப் பழைய முயற்சியின் தொடர்ச்சியே.

சாதாரணக் காமிரா வைத்திருப்பவர் செய்ய வேண்டியவை சில உண்டு. ட்ரைபாடில் காமிராவைப் பொருத்தி, ஐ.எஸ்.ஓ.வை 100-இல் வைத்து, ஆகாயத்துக்கே ஒளியை அளந்து ஒரு படமும், அதற்குக் கூடுதலாக ஒன்றும் குறைவாக ஒன்றும் எடுத்துக்கொள்ளலாம். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியாக விட்டால் அது உதயத்தின் செம்மையையே பிழையென்று எண்ணித் திருத்திவிடும். பகலொளிக்கு உரிய நிலையில் வைப்பதே உசிதம். ஏ.சி. அறையிலிருந்து எடுத்துவந்த லென்ஸின்மீது வெளியில் உள்ள ஈரம் நுண்துளிகளாகப் படியும். அரைமணி நேரம் பையிலேயே இருக்கவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். சூரியன் மேலெழுந்தபின் காமிராவின் கண்ணாடித் துளை வழியே அதை நேராகப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து.

இவற்றைக் காட்டிலும் முக்கியமானது உண்மை. போகிப் பண்டிகையின் விடியலில் ஆற்றின்மேல் தவழ்வது பனி மட்டுமல்ல. எரித்த பழம்பொருள்களின் புகையும் அதில் கலந்திருக்கிறது. நாணலுக்கு அடியில் பிளாஸ்டிக் பைகளும், சில இடங்களில் கரையோரக் கட்டடக் குப்பையும் கிடக்கின்றன. இவற்றையெல்லாம் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டுப் பொற்காலை ஒன்றை மட்டும் காட்டுவதும், அழகை மறைத்து அருவருப்பை மட்டும் காட்டுவதும், இரண்டுமே நதிக்குச் செய்யும் அநீதி. அழகும் கேடும் ஒரே ஒளியில் நிற்கும் படமே கூவத்தின் சரியான படம்.

ஆதலால் அவரவர் ஊர்ப் பாலத்தருகே ஓர் இடத்தைத் தேர்ந்து, ஆண்டுதோறும் மார்கழியில் அதே இடத்தில் நின்று, அதே திசையில் ஒரு படம் எடுத்து, பின்புறத்தில் இடத்தையும் தேதியையும் எழுதிவைக்கும்படி வாசகர்களை வேண்டுகிறேன். நாணல் எவ்வளவு குறைந்தது, கரை எங்கே சுருங்கியது, நீர் எந்த ஆண்டில் தெளிந்தது என்பதைப் பின்வருவோர் அந்தப் படங்களிலிருந்து அறிவார்கள். ஆற்றைக் காக்க வேண்டுமென்று வாதாடுகிறவருக்கு அதைவிட வலுவான சாட்சியம் கிடைப்பது அரிது.