ஆறு பங்கு நிலம், நாலு பங்கு நதி

உட்காருங்கள், டீ வரட்டும். காம்பியாவை வரைபடத்தில் தேடினேன், கிடைக்கவில்லை என்றீர்களே. தனியாகத் தேடினால் கிடைக்காது. ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில் செனகலைப் பாருங்கள். கடற்கரையிலிருந்து அதன் வயிற்றுக்குள் நெளிந்து நெளிந்து ஒரு கீற்று போகும். அந்தக் கீற்றுதான் நாடு. நீளம் 300 கிலோமீட்டருக்கு மேல். அகலமோ, எந்த இடத்திலும் 50-ஐத் தாண்டாது. மூன்று பக்கமும் செனகல், நாலாவது பக்கம் அட்லாண்டிக்.

நடுவே காம்பியா ஆறு ஓடுகிறது. கடல் கப்பலே வெகுதூரம் உள்ளே வரக்கூடிய ஆறு. ஆங்கிலேயர் இந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டார்கள், சுற்றியிருந்த நிலமெல்லாம் பிரெஞ்சுக்காரர் கையில். 1889-ல் இருவரும் உடன்பாடு செய்து எல்லை வகுத்தார்கள். ஆற்றில் நின்ற போர்க்கப்பலிலிருந்து பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் எட்டியதோ அதுவரை ஆங்கிலேயருக்கு என்று ஒரு கதை உண்டு. வெறும் கதைதான். ஆனால் படத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

இப்போது கொடிக்கு வருவோம். மேலே சிவப்பு, நடுவில் நீலம், கீழே பச்சை. நீலத்தின் இருபுறமும் மெல்லிய வெள்ளைக் கோடு. சிவப்பு வெயிலுக்கு, பச்சை விளைநிலத்துக்கு, வெள்ளை அமைதிக்கும் ஒற்றுமைக்கும். நீலம் அந்த ஆறேதான். 1965 பிப்ரவரி 18, விடுதலை நாளன்று ஏறிய கொடி. வரைந்தவர் லூயி தொமாசி, தொழிலால் கணக்காளர். அதனாலோ என்னவோ, பட்டைகளின் அகலத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது: 6, 1, 4, 1, 6. நிலத்துக்கு ஆறு பங்கு, ஆற்றுக்கு நாலு பங்கு! தமிழில் சொல்லும்போது கொஞ்சம் குழம்பும், பொறுத்துக்கொள்ளுங்கள். பல நாட்டுக் கொடிகளில் ஆளவந்த கட்சியின் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் எந்தக் கட்சியின் சாயலும் இல்லை. நான் பார்த்தவற்றில் பூகோளப் பாடமாகவே வைக்கத் தக்க கொடி இதுதான்.

நம் பழந்தமிழில் ஆறு என்றால் வழி. ஆற்றுப்படையில் வரும் ஆறு அதுதான். காம்பியாவில் வெகுகாலம் அந்தச் சொல் அப்படியே பொருந்தியது. ரயில் கிடையாது, வேர்க்கடலை மூட்டையும் தபாலும் பயணிகளும் நீர்வழியேதான் போய்வந்தார்கள். 1984-ல் அரசின் ஆற்றுக் கப்பல் மூழ்கியதோடு அந்தப் போக்குவரத்து படுத்துவிட்டது. பிறகு இரு கரைகளிலும் நீளவாட்டில் ஓடும் சாலைகளே கதி. கொடியின் வெள்ளைக் கோடுகளை எனக்கு அந்தச் சாலைகளாகத்தான் பார்க்கத் தோன்றுகிறது. இது என் சொந்தக் கற்பனை, அரசு சொன்னதல்ல.

நீளவாட்டில் வழியாக இருந்த ஆறு, குறுக்கே போகிறவனுக்குத் தடை. அதில் அதிகம் அவதிப்பட்டது செனகல். அதன் தென்பகுதியான கசமான்ஸ், காம்பியாவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. தலைநகர் டக்காரிலிருந்து அங்கே போகும் லாரி, ஃபராஃபென்னி அருகே படகுக்காக மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நிற்கும். இல்லையென்றால் கிழக்கே பல நூறு கிலோமீட்டர் சுற்றிவர வேண்டும். இந்தத் தொல்லைக்குப் பயந்து பலர் கடல்வழியே போனார்கள். 2002 செப்டம்பர் 26 இரவு, லெ ஜூலா என்ற கப்பல் காம்பியக் கடலோரத்துக்கு அப்பால் கவிழ்ந்தது. சுமார் 580 பேருக்கான கப்பல். செத்தவர்கள் மட்டும் 1,800-க்கு மேல். டைட்டானிக்கில் போன உயிர்களைவிட அதிகம். நம்மில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறோம்?

பாலம் கட்டலாமே என்பீர்கள். அந்தப் பேச்சு பல பத்தாண்டுகளாக இழுத்தது. படகுக் கட்டணம் காம்பியாவுக்கு வருமானம், எதிராளியின் கழுத்தில் கிடக்கும் கயிறும்கூட. 2016-ல் செனகல் லாரிகளுக்கான கட்டணத்தைக் காம்பியா பல மடங்கு ஏற்ற, அந்த லாரிக்காரர்கள் மாதக்கணக்கில் எல்லையை அடைத்துவிட்டார்கள். கடைசியில் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியின் பணத்தில் பாலம் எழுந்தது. 2019 ஜனவரியில் இரு நாட்டு அதிபர்களும் சேர்ந்து திறந்துவைத்தார்கள். பெயரிலும் இரண்டு நாடும் உண்டு: செனகாம்பியா பாலம். முதலில் சிறு வண்டிகளை மட்டும் விட்டார்கள், லாரிகளுக்குச் சில மாதம் கழித்துத்தான் அனுமதி. பாலத்தில் போகச் சுங்கம் கட்ட வேண்டும். படகுக்கு நின்ற நாட்களை நினைத்தால் அது பெரிய காசில்லை.

உங்கள் டீ ஆறுகிறது, குடியுங்கள். காம்பியாவிலும் டீ உண்டு, அத்தாயா என்பார்கள். பச்சைத் தேயிலையைக் கரி அடுப்பில் கொதிக்கவிட்டு, நம் ஊர் மாஸ்டர்களைப் போலவே உயரத் தூக்கி ஊற்றி நுரை எழுப்புவார்கள். அதே தேயிலையில் மூன்று சுற்று. முதல் சுற்று கசப்பு, போகப் போக இனிப்பு. முழுதாய்க் குடித்து முடிக்க மணிக்கணக்காகும்.

நேரத்துக்கு அங்கே இன்னும் பஞ்சமில்லை. பாலம் வந்தது உள்நாட்டில்தான். தலைநகர் பஞ்சுல் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து எதிர்க்கரையின் பாராவுக்குப் போக இன்றும் படகுதான்.